மலையில் பேட்டரி காருக்காக ஜெனரேட்டர் வாங்குவோர் கவனத்திற்கு

பேட்டரி கார்களுக்குச் சார்ஜ் ஏற்றப் பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்க எண்ணியிருப்பவர்கள், குறிப்பாக மலைப்பகுதியில் விடுதியோ தோட்டமோ நடத்துபவர்கள், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். கொடைக்கானலில் நானும் என் கணவரும் நடத்திவரும் சிறு விடுதிக்கு விற்கப்பட்ட இயந்திரத்தின் மேல் ‘5 கேவிஏ’ என்று ஒட்டியிருந்தது (கேவிஏ என்பது ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் அளவு; 5 கேவிஏ என்றால் வழக்கமாக 4 கிலோவாட்). அந்த ஒட்டுத்தாளுக்கு அடியில் மறைந்திருந்த உற்பத்தியாளரின் தகட்டில், தொடர்ந்து தரக்கூடிய திறன் 2.5 கிலோவாட் என்றுதான் பொறிக்கப்பட்டிருந்தது.

சாலையிலிருந்து அறைகளுக்குச் செல்லும் சரிவில் முதியவர்களை ஏற்றிச் செல்ல, கோல்ஃப் மைதானங்களில் ஓடும் வகையைச் சேர்ந்த இரண்டு பேட்டரி கார்கள் எங்களிடம் உள்ளன. ஒவ்வொன்றிலும் 8 வோல்ட் ஈய அமில பேட்டரிகள் ஆறு, ஆக 48 வோல்ட். வடகிழக்குப் பருவமழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் மின்சாரம் திரும்ப நெடுநேரம் ஆகும் என்பதால்தான் ஜெனரேட்டர் தேவைப்பட்டது. சமவெளியில் உள்ள அந்தக் கடைக்காரரிடம், சார்ஜர் 48 வோல்ட் 18 ஆம்பியர் வகை என்பதையும், இரண்டு கார்களுக்கும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்பதையும், இடம் கொடைக்கானல் என்பதையும் தெளிவாகச் சொன்னோம். தாராளமாகத் தாங்கும் என்று உறுதியளித்தார்.

கணக்கு எளிமையானது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியின் மின்னழுத்தம் 58 வோல்ட் அளவுக்கு உயர்வதால், 18 ஆம்பியரில் பேட்டரிக்குள் செல்வது ஏறத்தாழ 1,040 வாட். சார்ஜரின் இழப்பையும் சேர்த்தால் ஜெனரேட்டரிலிருந்து இழுக்கப்படுவது சுமார் 1,230 வாட். இரண்டு சார்ஜர்களுக்கு 2,460 வாட். எங்களுடையவை போன்ற பழைய வகைச் சார்ஜர்களின் பவர் ஃபேக்டர் (இழுக்கும் கேவிஏவில் உண்மையில் வேலை செய்யும் வாட் பங்கு) 0.7 அளவிலேயே இருப்பதால், கேவிஏ கணக்கில் இது 3.5ஐத் தொடும். இதற்கு மேல், கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. சாதாரண பெட்ரோல் என்ஜின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தன் திறனில் சுமார் 3.5 சதவீதத்தை இழப்பதால், இங்கே ஏறத்தாழ கால் பங்கு போய்விடுகிறது. உண்மையான 5 கேவிஏ இயந்திரம், அதாவது 4 கிலோவாட், இங்கே 3 கிலோவாட் தந்து இரண்டு கார்களையும் தாங்கியிருக்கும். எங்களுக்கு விற்கப்பட்ட 2.5 கிலோவாட் இயந்திரத்தால் இங்கே 1.9 கிலோவாட்கூடத் தர இயலாது.

இரண்டு சார்ஜர்களையும் இணைத்தவுடன் என்ஜின் திணறிக் கரும்புகை கக்கியது. மலைக்கேற்ற கார்புரேட்டர் ஜெட் (என்ஜினுக்குள் செல்லும் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை) பொருத்தப்படாததால் பெட்ரோல் அளவுக்கு மீறிச் செல்கிறது என்று உள்ளூர் மெக்கானிக் விளக்கினார். கடைக்காரரோ, புதிய இயந்திரம் என்றால் புகையத்தான் செய்யும் என்றார். மின்னழுத்தம் 230லிருந்து 190க்கும், அதிர்வெண் 50லிருந்து 46க்கும் இறங்கியதை மெக்கானிக் அளந்து காட்டினார். சுமை தாங்காமல் ஒரு சார்ஜர் துண்டித்துக்கொண்ட நொடியில் என்ஜின் வேகமெடுத்து, மின்னழுத்தம் 270ஐத் தாண்டியது. மற்றொரு சார்ஜரின் உட்பகுதி கருகியது. மின்னழுத்தத்தைத் தானாகச் சீராக்கும் ஏவிஆர் உள்ளது என்று சொல்லி விற்கப்பட்ட அந்த இயந்திரத்தில், அந்த அளவுக்குச் சீராக்க இயலாத கெப்பாசிட்டர் மட்டுமே இருந்தது. தாமிர வைண்டிங் (மின்சாரம் உண்டாகும் கம்பிச் சுருள்) என்று சொல்லப்பட்டதும் அலுமினியமாகவே இருந்தது.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. மழையில் நனையாமல் இருக்க ஜெனரேட்டரைக் கார் ஷெட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் ஆலோசனை கூறியிருந்தார். பெட்ரோல் என்ஜினின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். சார்ஜ் ஏறும் ஈய அமில பேட்டரியோ ஹைட்ரஜனை வெளியிடும், அது ஒரு தீப்பொறியில் வெடிக்கக்கூடியது. எங்கள் ஷெட்டை ஒட்டியே பணியாளர்கள் உறங்கும் அறை இருக்கிறது. நாங்கள் திறந்தவெளியில் தனிக் கூரை அமைத்ததால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. பணத்துக்காகப் பொய் சொல்வது ஒன்று. உயிருக்கு ஆபத்தான ஒன்றை அக்கறை போலச் சொல்லி அனுப்புவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இயந்திரத்தைத் திரும்ப எடுக்கக் கடை மறுத்துவிட்டது. பில்லில் ‘ஜெனரேட்டர் 1’ என்று மட்டுமே எழுதப்பட்டிருப்பதால், 5 கேவிஏ என்று தாங்கள் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்பது அவர்கள் வாதம். ஆகவே வாங்குபவர்கள், தொடர்ந்து தரும் திறன் எத்தனை கிலோவாட், ஏவிஆர் உண்டா, வைண்டிங் எந்த உலோகம், வரிசை எண் என்ன என்பவற்றை ஜிஎஸ்டி பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். உச்சத் திறன் என்று சொல்லப்படும் எண் சில நொடிகளுக்கு மட்டுமே உரியது. சார்ஜர் மணிக்கணக்கில் ஓடும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துள்ளோம்; அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்கிறோம். இரண்டு ஆண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று கடைத் தரப்பு இப்போதே சொல்கிறது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக வாங்கியவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு அளிக்கிறது. அதற்காக, விடுதியை நாங்கள் இருவரே நடத்துகிறோம் என்பதைக் காட்டும் உரிமம், வரிக் கணக்கு, மெக்கானிக் எழுதிக் கொடுத்த அளவுகள், தகட்டின் புகைப்படங்கள் அனைத்தையும் மனுவோடு இணைக்கிறோம்.