மாற்றாத மவுன்ட்டுக்குப் பில்: கேம்பர் வேன் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

படுக்கையும் அடுப்பும் உள்ள பழைய டீசல் கேம்பர் வேனின் இரைச்சலையும் அதிர்வையும் குறைத்துத் தருவதாகச் சொல்லிக் கணிசமான தொகையை வாங்கிக்கொண்ட ஒரு பட்டறை எனக்குச் செய்து கொடுத்த வேலையைப் பற்றி, அதே வேலைக்கு வண்டியை விட எண்ணியிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இன்ஜினைச் சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், தாங்கி நிற்கும் ரப்பர் தாங்கிகளான இன்ஜின் மவுன்ட்டுகளை மாற்றுவது, கேபின் தரையிலும் கதவுகளிலும் தகரத்தின் அதிர்வை அடக்கும் ரப்பர் வகை ஒட்டுத்தாளான பியூட்டைல் ஷீட் ஒட்டுவது என்று பேசி முடித்திருந்தோம். பில்லிலும் அப்படியே எழுதியிருந்தார்கள். வண்டியை எடுத்தபோது கதவு கனமான ஓசையுடன் மூடியது. ஆனால் ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, ஸ்டியரிங் முன்போலவே நடுங்கியது. கேட்டதற்கு, "ஷீட் செட் ஆகக் கொஞ்ச நாள் பிடிக்கும் சார்" என்றார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. நான்கு சிலிண்டர் இன்ஜின் 800 ஆர்.பி.எம்மில் ஓடும்போது நொடிக்கு ஏறத்தாழ 27 முறை எரிப்பு நிகழ்கிறது. அந்த அதிர்வு மவுன்ட் வழியாகத்தான் சேசிஸுக்கு ஏறுகிறது. ஷீட்டோ, ஒட்டிய தகரம் அதிர்ந்து ஒலிப்பதை மட்டுமே அடக்கும்.

வேறொரு மெக்கானிக், பிரேக்கை அழுத்தி மிதித்தபடி கியரில் கிளட்சை லேசாக விடச் சொன்னபோது, இன்ஜின் ஒரு பக்கமாக எழும்பி விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், மவுன்ட் ரப்பரின் வெடிப்புகளுக்குள்ளும் புதிய கறுப்பு பெயின்ட் இறங்கியிருந்தது. மாற்றியதாகப் பில் போட்ட பாகத்துக்குப் பூச்சு மட்டும்தான் நடந்திருக்கிறது.

ஷீட்டும் பியூட்டைல் அல்ல. வெயில் ஏறியதும் தார் நெடி கிளம்பி, ஓரங்கள் இளகித் தொங்கின. மொட்டைமாடி ஒழுகாமலிருக்க ஒட்டும் தார் ஷீட்டை வெட்டி ஒட்டியிருந்தார்கள். இன்ஜின் மூடிக்கு அடியில் வைத்திருந்ததோ சாதாரண ஸ்பாஞ்ச். கசியும் எண்ணெயையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் அதைச் சூடான இன்ஜினுக்கு மேலே வைக்க எப்படித்தான் மனம் வந்ததோ! கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளையும் அடைத்துவிட்டார்கள். துருப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "சத்தம் குறைஞ்சுதா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்பதே பதில். வேலைக்கு விடுபவர்கள், கழற்றிய பழைய மவுன்ட்டுகளைக் கையில் தர வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே இப்படி ஷீட் ஒட்டியிருப்பவர்கள், அடுப்பைப் பற்றவைக்கும் முன் காஸ் சிலிண்டர் பெட்டியின் தரைத்துளையைப் பாருங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் அந்தத் துளை வழியாகத்தான் வெளியே இறங்க வேண்டும். என் வண்டியில் அதன் மேலும் ஷீட் ஒட்டியிருந்தது.