வைரம் தேயாது, வளையம் தேயும்: பழைய மோதிரமா, புதிய மோதிரமா?

பெரிய முகப்பு வைத்த பழைய வைர மோதிரம் ஒன்றை வாங்குவதா, அதே செலவில் புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்வதா என்று ஏறத்தாழ எட்டு மாதங்கள் யோசித்தபின் நான் பழையதையே எடுத்தேன். 1920களின் பாணியில் அமைந்த பிளாட்டின மோதிரம் அது. நடுவில் பழைய ஐரோப்பிய வெட்டு வைரம் ஒன்றும், அதன் இருபுறமும் படிக்கட்டாக இறங்கும் சிறு வைரங்களும் பதித்திருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளாக அதை அணிந்துவருகிறேன். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதிய மோதிரம் எந்தெந்த இடங்களில் மேலானது என்பதையும் இந்த நான்கு ஆண்டுகளில்தான் சரியாகத் தெரிந்துகொண்டேன்.

விற்பனையில் புழங்கும் மூன்று சொற்களை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. நூறாண்டு கடந்த நகையை ஆன்டிக் என்றும், அவ்வளவு வயதாகாவிட்டாலும் தன் காலத்துப் பாணியைத் தெளிவாகக் காட்டும் நகையை விண்டேஜ் என்றும் வழங்குகிறார்கள். எஸ்டேட் என்ற சொல் வயதைக் குறிப்பதே இல்லை. முன்பு ஒருவரிடம் இருந்து கைமாறி வந்த நகை என்பது மட்டுமே அதன் பொருள். சென்ற ஆண்டு செய்யப்பட்டு இந்த ஆண்டு விற்கப்படும் மோதிரமும் எஸ்டேட் மோதிரமே என்பதால், அந்தச் சொல்லை மட்டும் நம்பிப் பழமைக்கு விலை கொடுத்துவிடக் கூடாது.

பழைய கல்லுக்கும் புதிய கல்லுக்கும் உள்ள வேறுபாடு ஒளியில்தான் தெரியும். இன்றைய வட்ட வைரத்தின் அளவுகள், 1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி வெளியிட்ட கணக்கிலிருந்து படிப்படியாக வளர்ந்தவை. மேலிருந்து விழும் ஒளியை இயன்றவரை கண்ணுக்கே திருப்பி அனுப்புவது அதன் நோக்கம். அதற்கு முந்தைய தலைமுறையின் பழைய ஐரோப்பிய வெட்டில் கல்லின் தலைப்பகுதி உயரமாகவும் மேல்தட்டு சிறியதாகவும் இருக்கும். அடிமுனையைக் கூராக விடாமல் சீவியிருப்பார்கள் என்பதால், நேராக உற்றுப் பார்த்தால் கல்லின் நடுவே கடுகளவு வட்டம் ஒன்று தெரியும். பட்டைகளின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் பழைய கல்லின் அடிப்பட்டைகள் அகலமானவை. புதிய கல் நூறு ஊசிமுனைகளாகச் சிதறி மின்னும்போது, பழைய கல் கையை அசைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பட்டையில் ஆரஞ்சையும் அடுத்ததில் நீலத்தையும் அகலமாகக் காட்டிவிட்டு அணைகிறது. ஒற்றை விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் என் மோதிரத்தைப் பார்த்தவர்கள் வைரத்துக்குள் எரிவது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அதே கல், குழல்விளக்குகள் நிறைந்த அறையில் அமைதியாகக் கிடக்கும். பகலெல்லாம் அத்தகைய அறையில் இருப்பவர், எந்நேரமும் பளிச்சென்ற மின்னலை எதிர்பார்த்தால், அவருக்குப் புதிய வெட்டே நிறைவு தரும். இந்த ஒரு விஷயத்தில் என் விருப்பத்தை எவர்மேலும் திணிக்க மாட்டேன்.

பெரிய முகப்பு என்ற அளவில் பழைய மோதிரங்களுக்கு நிகர் இல்லை என்றே நினைக்கிறேன். 1920, 30களில் பரவிய ஆர்ட் டெக்கோ என்னும் பாணியின் காலத்தவர் சிறு கற்களைக் கோடும் கோணமுமாக அடுக்கி, விரலின் ஒரு கணுவை முழுதும் மூடும் முகப்புகளைச் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் பிளாட்டினம் போர்த் தேவைக்கென ஒதுக்கப்பட்டதால், 1940களின் மோதிரங்கள் செம்பு கூடுதலாகக் கலந்த ரோஜா நிறத் தங்கத்தில் வளைவும் மடிப்புமாகப் பருத்து எழுந்தன. இவற்றில் ஒற்றைக் கல்லின் அளவைக் காட்டிலும் மொத்த வடிவமே பேசும். இன்றைய மோதிரங்கள் பெரும்பாலும் நடுக்கல்லை உயர்த்திக் காட்டி மற்றதெல்லாம் மறைந்துவிடும்படி அமைவதால், அதே துணிச்சலைப் புதிதில் பெற வேண்டுமானால் மிகப் பெரிய கல்லுக்குப் போக வேண்டியிருக்கிறது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. மோஸ் கடினத்தன்மை அளவில் வைரத்துக்கு 10, அதுவே உச்சம். தங்கமும் பிளாட்டினமும் அதன் அருகில்கூட வருவதில்லை. எண்பது, நூறு ஆண்டுகள் மேசை விளிம்பிலும் பைகளின் கைப்பிடியிலும் உராய்ந்த மோதிரத்தில் கல் ஏறத்தாழ அன்றிருந்தபடியே இருக்க, அதைத் தாங்கும் உலோகம் மட்டும் தேய்ந்துகொண்டே வந்திருக்கும். எனவே பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துக் காரட்டையும் நிறத்தையும் ஒப்பிடுவது பாதி வேலைதான். எவ்வளவு உலோகம் மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதே மீதிப் பாதி, அதுவே கடினமான பாதியும் கூட.

நான் முதலில் மனம் வைத்தது வேறொரு மோதிரம். வெறுங்கண்ணுக்குக் குறையே தெரியாத அதைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் வழியாகப் பார்த்தபோது, பிராங் எனப்படும் நான்கு பிடிகளில் இரண்டின் நுனி, மணிபோல உருண்டிருக்க வேண்டிய இடத்தில் தாள்போலத் தட்டையாகிக் கல்லின் விளிம்போடு முடிந்துபோயிருந்தது. வளையத்தின் அடிப்பகுதியில் முகப்பருகே இருந்த கனத்தில் பாதிகூட மிஞ்சவில்லை. உட்புறத்தில் பிளாட்டினத்தின் வெண்மைக்கு நடுவே மங்கிய சாம்பல் திட்டு ஒன்று இருந்தது. எப்போதோ யாரோ ஈயம் கலந்த பற்றாசு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஈயத்தை முழுதும் நீக்காமல் அதன்மேல் மீண்டும் தீ காட்டினால், அது உலோகத்துக்குள் இறங்கி அதை நொறுங்கும் தன்மையுடையதாக்கிவிடும். பிடியின் நுனிகளைக் கட்டுவதும் வளையத்தின் அடிப்பாதியை மாற்றுவதும் தேர்ந்த கைகளுக்கு வழக்கமான வேலைகள். ஆனால் இந்தச் சாம்பல் திட்டு இருந்தால் வேலையின் அளவும் செலவும் எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வருத்தத்தோடுதான் அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

பழுதுபார்ப்பின் சிரமம் உலோகத்தைப் பொறுத்தும் மாறும். தூய தங்கம் 1064 பாகை செல்சியஸில் உருகும், பிளாட்டினத்துக்கு 1768 பாகை வேண்டும். மறுபுறம், வைரம் கரியே என்பதால் காற்றில் மிகுதியாகச் சூடேறினால் அதன் மேற்பரப்பு எரிந்து பால்போல மங்கும். அதனால்தான் கல்லைக் கழற்றாமல் தீ வைக்க நேரும்போது போரிக் அமிலத்தைப் பூசிக் காக்கிறார்கள். இப்போது லேசர் கொண்டு கல்லின் பக்கத்திலேயே சூடு பரவாமல் பற்றவைக்க முடிவதால், முன்பு கைவிடப்பட்டிருக்கக்கூடிய பல பழைய முகப்புகள் பிழைத்துக்கொள்கின்றன. என் மோதிரத்தைக் கொடுக்கும் முன் பட்டறையில் லேசர் இருக்கிறதா என்றே முதலில் கேட்டேன். பழைய நகையை விரும்புகிறவர்கள் அனைவரும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பேன்.

வீட்டிலும் சில சோதனைகளைச் செய்யலாம். மோதிரத்தைக் காதருகே பிடித்து விரலால் மெல்லத் தட்டினால், தளர்ந்த கல் இருக்குமானால் கிணுகிணுவென்று ஒலிக்கும். ஒரு நூலிழையைப் பிடிகளின்மேல் இழுத்தால், தூக்கிக்கொண்டிருக்கும் பிடியில் அது சிக்கும். மாதம் ஒருமுறை இதைச் செய்கிறேன். வெதுவெதுப்பான சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் துப்புரவுக்குப் போதும். மீயொலித் தொட்டியில் பழைய மோதிரத்தைப் போட அனுமதிப்பதில்லை, ஏனெனில் தளர்ந்த சிறு கல்லை அது கழற்றிவிடும். கல்லின் பின்புறம் மூடி, உள்ளே மெல்லிய தகடு வைத்துப் பதித்த மிகப் பழைய மோதிரமானால் தண்ணீரே ஆகாது. ஈரம் புகுந்தால் தகடு கறுத்துவிடும்.

புதிய மோதிரத்தின் பராமரிப்பு இதைவிட எளிது என்பதில் ஐயமில்லை. பிடிகள் கனமாக இருக்கும், வளையம் முழுதாக இருக்கும், ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை காட்டி வந்தால் போதும். வெள்ளைத் தங்கமானால் மேலே பூசிய ரோடியம் என்னும் வெள்ளை உலோகம் தேயத் தேய மீண்டும் பூச வேண்டும், அவ்வளவே. அளவு மாற்றுவதும் எளிது. சுற்றிலும் செதுக்கு வேலை உள்ள பழைய வளையத்தை வெட்டிப் பெரிதாக்கினால் அந்தப் பூவேலை ஓரிடத்தில் அறுந்து நிற்கும். எனவே நாளெல்லாம் கைவேலை செய்பவருக்கு, கழற்றாமல் அணிய ஒரே மோதிரம் வேண்டுமென்றால், பழைய மோதிரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெரிய முகப்புகள் இடறும், மேலே கனம் கூடி விரலில் பக்கவாட்டில் சாயும். உட்புறத்தில் இரண்டு சிறு உலோகக் குண்டுகளை வைத்துப் பற்றவைத்த பிறகே என்னுடையது நேராக நிற்கிறது.

பழைய பாணியில் புதிதாக வார்க்கப்படும் மோதிரங்களை இரண்டுக்கும் நடுவழியாகக் காட்டுவார்கள். தொலைவிலிருந்து பார்க்க அழகாகவே இருக்கின்றன. ஆனால் லூப்பில் பார்த்தால் விளிம்போரப் புள்ளி வரிசை, சோப்பில் அச்சு எடுத்ததுபோல ஒன்றோடொன்று இழைந்து மழுங்கியிருக்கும். கையால் உருட்டிய பழைய வரிசையில் ஒவ்வொரு மணியும் தனித்தனியே நிற்கும், துளை வேலையின் உட்சுவரில் வாள் ஓடிய தடம்கூடத் தெரியும். அந்தத் தடத்துக்காகத்தான் நான் பழையதற்குப் போனேன். கையால் செய்யும் புதிய பட்டறைகளும் உண்டு. அவற்றின் வேலை இந்தக் குறைக்கு உட்பட்டதன்று, செலவு மட்டும் வார்ப்பு மோதிரத்தைப் போல இருக்காது.

ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அது உண்மையான வைரமே. உற்பத்தி பெருகியதால் அதன் விலை பெரிதும் இறங்கிவிட்டது, எனவே பெரிய கல்லை மட்டும் நாடுபவருக்கு அதுவே சிறந்த வழி. திருப்பி விற்கும் எண்ணம் இருந்தால் அந்த வழி வேண்டாம். பழைய மோதிரமும் விற்றுப் பணமாக்க ஏற்ற முதலீடு என்று சொல்ல மாட்டேன். நான் என்னுடையதை விற்றுப் பார்த்ததில்லை.

சான்றிதழ் விஷயத்தில் புதியதே தெளிவானது. அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜிஐஏ 2006 முதல் தரும் வெட்டுத் தரம் இன்றைய வட்ட வைரத்துக்கு மட்டுமே உரியது. பழைய வெட்டுகளுக்கு அந்த மதிப்பெண் இல்லை. மேலும் கல் பதிந்தே இருக்கும்போது எடையும் நிறமும் மதிப்பீடு மட்டுமே. பக்கத்தில் நீலக்கல் இருந்தால் அது செயற்கையாக இருக்கலாம், அதனால் மோதிரம் போலி என்று முடிவுகட்டக் கூடாது. ஒகுஸ்த் வெர்னோய் 1902இல் அறிவித்த முறையால் செயற்கை மாணிக்கமும், அடுத்த சில ஆண்டுகளில் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்துவிட்டன. ஆர்ட் டெக்கோ காலத்தவர் அவற்றைத் தயக்கமின்றிப் பதித்தார்கள். முத்திரைகளும் உதவும். பிரான்சில் தங்கத்துக்குக் கழுகுத் தலை 1838 முதலும், பிளாட்டினத்துக்கு நாய்த் தலை 1912 முதலும் இடப்படுகின்றன.

பழைய கல்லை எடுத்துப் புதிய முகப்பில் பதிக்கும் வழி ஒன்றும் இருக்கிறது. முகப்பு உண்மையிலேயே தேய்ந்து போயிருந்தால் அது நல்ல தீர்வு. ஆனால் நன்றாக இருக்கும் பழைய முகப்பைக் கல்லுக்காக உடைப்பதும், அதைவிட, பழைய கல்லை இன்றைய அளவுக்கு மறுபடி பட்டை தீட்டி எடையையும் அதன் அகன்ற ஒளியையும் ஒருசேர இழப்பதும் எனக்குப் பொறுக்க முடியாதவை. என் மோதிரத்தின் வளையம் அடியில் 1.2 மில்லிமீட்டராகத் தேய்ந்திருந்ததால், இரண்டாம் ஆண்டில் அந்தக் கீழ்ப்பாதியை மட்டும் வெட்டி எடுத்துப் புதுப் பிளாட்டினம் இணைத்தார்கள். உட்புறம் விரல் நகத்தை ஓட்டினால் இணைப்பு தட்டுப்படுவதில்லை. மேலே புள்ளி வரிசையில் ஒரு மணியைக்கூடத் தொடவில்லை.