கடைப்பெயர்க் கைக்கருவிகள்: டர்பனில் நெடுநாள் பயன்படுத்திய பின்

பெரிய வன்பொருள் கடைகள் தங்கள் சொந்தப் பெயரைப் பொறித்து விற்கும் ஸ்பேனர், சாக்கெட், திருப்புளி, பிளையர் முதலியவற்றை நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பயன்படுத்தி வருகிறேன். சாட்ஸ்வர்த்தில் உள்ள எங்கள் வீட்டின் இழுவைக் கேட், சன்னல் கம்பிகள், வயதான ஒரு டொயோட்டா ஹைலக்ஸ், தைப்பூசக் காவடிக்கு முன்பு பழுது பார்க்கப்படும் கோயில் தேர் ஆகியவற்றில்தான் அவை உழைக்கின்றன. இக்கருவிகளைப் பற்றி விலை குறைவு, ஆகவே மட்டமான சரக்கு என்பார் ஒரு சாரார். பெயர்தான் வேறு, பெரிய நிறுவனத்துக்குச் செய்யும் அதே ஆலைதான் இதையும் செய்கிறது என்பார் மறு சாரார். இரண்டு கூற்றும் குறிப்பிட்ட ஓர் ஆண்டில் வாங்கிய குறிப்பிட்ட ஒரு பெட்டிக்குப் பொருந்தக்கூடும். கடைப்பெயர் முழுவதற்கும் எதுவும் பொருந்தாது. ஏனெனில் அந்தப் பெயருக்குப் பின்னால் நிலையான ஓர் ஆலை கிடையாது.

கடை தானாக எதையும் வார்ப்பதோ அடிப்பதோ இல்லை. தைவானிலோ சீனாவிலோ இந்தியாவின் ஜலந்தர் பகுதியிலோ உள்ள ஓர் ஆலையிடம் இன்ன விலைக்கு, இன்ன தரத்தில், இத்தனை பெட்டி வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொள்கிறது. ஒப்பந்தம் முடிந்ததும் வேறோர் ஆலை குறைந்த விலை சொன்னால் வேலை அங்கே போய்விடும். பெட்டியின் நிறமும் பெயரும் மட்டும் மாறாமல் இருக்கும். இவ்வகைப் பெயர்களுள் புகழ்பெற்றது அமெரிக்காவின் சியர்ஸ் கடை 1927-இல் தொடங்கிய கிராஃப்ட்ஸ்மேன். பல தலைமுறைகள் உடைந்த கருவியைக் கொடுத்துவிட்டுக் கேள்வியின்றிப் புதியதை வாங்கிச் சென்ற பெயர் அது. உற்பத்தி படிப்படியாக அமெரிக்காவை விட்டு வெளியேறியது. 2017-இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் அந்தப் பெயரைச் சுமார் 90 கோடி டாலருக்கு வாங்கியது. உற்பத்தியை மீண்டும் தாய்நாட்டில் செய்வதற்காக டெக்சாஸில் அமைத்த ஆலையை 2023-இல் மூடுவதாக அறிவித்தது. ஒரே பெயர், ஒரே சிவப்பு. உள்ளே இருந்த எஃகும் அதை அடித்த கைகளும் எத்தனையோ முறை மாறிவிட்டன.

தென்னாப்பிரிக்காவில் இந்த மாற்றத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2011-இல் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 7 ராண்டு கொடுத்தோம். 2023-இல் 18-ஐத் தாண்டிக் கொடுத்தோம். இறக்குமதிச் சரக்கின் விலை அதே வேகத்தில் ஏறினால் வாங்க ஆள் இருக்காது என்பதால், கடைக்காரர் அலமாரி விலையைப் பிடித்து வைத்துக்கொண்டு பொருளைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறார். தொகுப்பில் ஓர் அளவு காணாமற்போகும், உலோகப் பெட்டி பிளாஸ்டிக் ஆகும், முலாம் மெலியும். அடென்டார்ஃப் கடையின் மேக் ஆஃப்ரிக் போன்ற, எந்தக் கடையுடையது என்று எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள் இருக்கின்றன. எந்த முகவரியும் இல்லாத பெயர்களும் இருக்கின்றன. நான் கீழே சொல்வது ஒரே கடைச் சங்கிலியின் ஒரே பெயரில், வெவ்வேறு காலங்களில் வாங்கிய மூன்று தொகுப்புகளைப் பற்றியது. கடையின் பெயர் இங்கே வேண்டாம். வேறு கடைக்குப் போனாலும் இதே கதைதான் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் தொகுப்பை ராண்டு ஓரளவு நன்றாக இருந்த காலத்தில் வாங்கினேன். அதிலுள்ள ஸ்பேனர்களில் அளவும் 'குரோம் வனேடியம்' என்ற எஃகு வகையின் பெயரும் அச்சில் அடிக்கும்போதே எழுந்த எழுத்துகளாக இருக்கின்றன. போல்ட்டின் தலையைக் கவ்வும் சாக்கெட்டுகள் உட்புறம் ஆறு பட்டை கொண்டவை. புதிய போல்ட்டின் தலையில் பொருத்தி அசைத்தால் ஆட்டம் மிகக் குறைவு. சில ஆண்டுகளுக்குப் பிறகு ஹைலக்ஸில் வைக்கும் பெட்டிக்கென்று வாங்கிய இரண்டாவது தொகுப்பு, பெட்டியின் படம் வரையில் முதலாவதைப் போலவே இருந்தது. ஆனால் எழுத்துகள் லேசர் கதிரால் கீறப்பட்டிருந்தன. சாக்கெட்டுகள் பன்னிரண்டு முனை கொண்டவையாக மாறியிருந்தன. ஸ்பேனரின் வாய் போல்ட்டின் மேல் கண்ணுக்குத் தெரியும்படி ஆடியது. பன்னிரண்டு முனை என்பது தன்னளவில் குறை அன்று. இடுக்கான இடத்தில் கோணம் மாற்றிப் பொருத்த வசதியானது. ஆனால் அது போல்ட்டின் மூலைகளுக்கு அருகில் பிடிக்கிறது. கடற்காற்றில் துருவேறி, ஏற்கெனவே மூலை தேய்ந்த போல்ட்டுகளே மிகுந்த இந்த ஊரில், பட்டையில் பிடிக்கும் ஆறு முனைச் சாக்கெட்டுக்கு ஈடு இல்லை. இரண்டாவது தொகுப்பால் இழுவைக் கேட்டின் சக்கர போல்ட் ஒன்று முழு வட்டமாகிவிட்டது. அதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இரண்டு தொகுப்புகளையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்க நான் திட்டமிடவில்லை; 2022 ஏப்ரல் வெள்ளம் அதைச் செய்தது. சரிவின் அடியில் இருக்கும் எங்கள் கராஜில் சேறு கலந்த நீர் புகுந்து, இரண்டு பெட்டிகளும் மூழ்கின. அந்த நாள்களில் கருவிகளைத் துடைப்பதைவிட முக்கியமான வேலைகள் எல்லோருக்கும் இருந்தன. ஆகவே அவை ஈரத்திலேயே கிடந்தன. பின்னர்த் திறந்தபோது முதல் தொகுப்பில், சாக்கெட்டைத் திருப்பும் பற்சக்கரக் கைப்பிடியான ராட்செட்டின் உட்புறத்திலும் சாக்கெட்டுகளின் சதுரத் துளையிலும் மட்டும் துரு இருந்தது. மண்ணெண்ணெயில் ஊற வைத்துத் துலக்கியதும் பழைய நிலைக்கு வந்தது. இரண்டாவதில் முலாம் செதில் செதிலாக எழும்பியிருந்தது. பளபளப்பைத் தருவது மேலே உள்ள மெல்லிய குரோமியம். துருவைத் தடுப்பதோ அதன் அடியில் இருக்கும் நிக்கல் படலம். செலவைக் குறைக்க நினைக்கும் ஆலை நிக்கலைத்தான் குறைக்கும், ஏனெனில் கடையில் நின்று பார்ப்பவர் அதைக் கண்டுபிடிக்க முடியாது. படலம் மெலிந்தால் நுண்துளைகள் வழியே ஈரம் எஃகைத் தொடுகிறது. துரு முலாமுக்கு அடியிலேயே பரவி அதைத் தூக்கிவிடுகிறது. அப்படி எழும்பிய குரோம் விரலைப் பிளேடு போல் அறுக்கும். அந்த ஸ்பேனர்களை அதற்குப் பிறகு வெறும் கையால் பிடிக்க முடியவில்லை.

இங்கிருந்து எல்லாம் கீழ்நோக்கியே போயிருக்கும் என்று எதிர்பார்த்தால், மூன்றாவது தொகுப்பு அதைப் பொய்யாக்கியது. 2021 ஜூலைக் கலவரத்தில் எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் எத்தனையோ கடைகள் சூறையாடப்பட்டன. மீண்டும் திறந்தபோது அலமாரிகளுக்கு முற்றிலும் புதிய சரக்கு வந்தது. அதற்குப் பிறகு வாங்கிய இந்தத் தொகுப்பின் ராட்செட்டில் 72 பற்கள் உள்ளன. ஒரு பல்லுக்கு 5 பாகை நகர்ந்தால் போதும் என்பதால், ஹைலக்ஸின் எஞ்சினுக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையே கை நுழையாத இடத்தில்கூட வேலை நடக்கிறது. முதல் தொகுப்பின் ராட்செட் அந்த இடத்தில் அடுத்த பல்லைப் பிடிப்பதற்குள் கைப்பிடி சுவரில் முட்டிவிடும். சாக்கெட்டுகளும் மீண்டும் ஆறு பட்டைக்குத் திரும்பியிருக்கின்றன. ஆனால் அதே பெட்டியில் உள்ள திருப்புளி முனைகள் இரண்டாவது தொகுப்பில் இருந்தவற்றைவிட மட்டமானவை. ஆகவே பெயரை மட்டுமன்று, ஒரு பெட்டியைக்கூட மொத்தமாக மதிப்பிட இயலவில்லை.

திருப்புளி விஷயத்தில் எல்லாக் குற்றத்தையும் எஃகின் மேல் போடுவதும் நியாயமன்று. கூட்டல் குறி வடிவத் தலைகள் எல்லாம் ஒன்றல்ல. மரவேலைத் திருகுகளில் பெரும்பாலும் போசிடிரைவ், ஜப்பானிய வாகனங்களில் ஜப்பானியத் தர அளவு, மற்றவற்றில் பிலிப்ஸ். பிலிப்ஸ் முனையால் மற்ற இரண்டையும் திருகினால் எவ்வளவு நல்ல எஃகும் வழுக்கித் தலையைக் கெடுக்கும். மலிவுத் தொகுப்புகள் பெரும்பாலும் பிலிப்ஸை மட்டும் வைத்துவிட்டு எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுகின்றன. ஸ்பேனர் அளவுகளிலும் இதே கணக்குதான்: டொயோட்டாவுக்கு 10, 12, 14, 17 மில்லிமீட்டர் போதும், அவை எல்லாத் தொகுப்பிலும் உண்டு, மைத்துனரின் ஃபோக்ஸ்வாகனுக்கு வேண்டிய 16-ஐயும் 18-ஐயும் தனியாகத்தான் தேட வேண்டியிருக்கிறது.

பிளையரில் நான் கடைப்பெயரை முற்றிலும் கைவிட்டுவிட்டேன். வெட்டும் விளிம்பில் அரத்தை வைத்து லேசாக இழுத்தாலே தெரியும்; நல்லதில் அரம் வழுக்கும், மட்டமானதில் பற்றிக்கொண்டு பொடி உதிரும். மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்த பிறகு, தடித்த பிளாஸ்டிக் உறை போட்ட எந்தத் திருப்புளியையும் மின்காப்புள்ளது என்று எண்ணிக் கையில் எடுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. 1000 வோல்ட் என்ற குறியும் அதனுடன் இரட்டை முக்கோணச் சின்னமும் இல்லாத எதுவும் மின்காப்புக் கருவி ஆகாது. அந்தக் குறியுள்ளதைக் கடைப்பெயரில் வாங்கிச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. சுத்தியல், கடப்பாரை, குழாய் ரென்ச், சட்டப் பிடிப்பான் (கிளாம்ப்) ஆகியவற்றில் எனக்குக் குறையே இல்லை. வெட்டுவாள் சட்டத்தைக் கடைப்பெயரில் வாங்கி, பிளேடை மட்டும் நல்ல நிறுவனத்தில் வாங்கினால் போதுமானது.

'ஆயுள் உத்தரவாதம்' என்று அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பதன் பயன் கடையின் கையிருப்பைப் பொறுத்தது. விரிசல் விட்ட 14 அளவுச் சாக்கெட் ஒன்றை எடுத்துச் சென்றபோது, தனிச் சாக்கெட் இப்போது வருவதில்லை, அந்தத் தொகுப்பும் நின்றுவிட்டது என்றார்கள். ஒத்த மதிப்புக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பணிவாகத்தான் சொன்னார்கள், ஆனால் பெட்டியில் அந்தக் குழி இன்றும் காலியாகவே இருக்கிறது. அதைவிட உறுதியானது சட்டம் தரும் பாதுகாப்பு: 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால், பழுது நீக்குவதா, மாற்றுப் பொருளா, பணமா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருடையது. ஆகவே புதிய தொகுப்பை அலமாரியில் பூட்டி வைக்காமல், முதல் சில மாதங்களிலேயே வீட்டில் உள்ள கடினமான போல்ட்டுகளில் எல்லாம் போட்டுப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

என் மாமனார் கரும்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். டர்பனை அடுத்த நியூ ஜெர்மனியில் தொழிற்சாலை வைத்திருக்கும் கெடோரைத் தவிர வேறு எதையும் அவர் ஸ்பேனர் என்று ஏற்பதில்லை. என் பெட்டியைப் பார்த்து அவர் சொல்லும் சொற்களை இங்கே எழுத முடியாது. நாள் முழுதும் அதையே பிடித்து உழைத்தவருக்கு அது சரி. மாதத்தில் ஓரிரு வார இறுதிகளில் கருவியை எடுப்பவருக்கு மூன்று மடங்கு விலை தேவைதானா என்பதில் நாங்கள் இருவரும் ஒத்துப்போனதில்லை. கோயில் தேர் விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனோம்: அச்சைப் பிடிக்கும் 24, 30 அளவு நட்டுகளுக்குக் கெடோர் ஸ்பேனர்கள் வாங்கப்பட்டன, ஏனெனில் அங்கே வழுக்கினால் நட்டோடு முடியாது, திருகுபவரின் முழங்கையும் உடன் போகும். பந்தல் கம்பிகளுக்கும் அலங்காரச் சட்டத்துக்கும் மூன்றாவது தொகுப்பே போகிறது. தொண்டர்கள் பலர் கையில் மாறி, திருவிழா முடிந்து திரும்பும்போது ஓரிரு ஸ்பேனர்கள் குறைந்தே வரும் என்பதால், அந்த வேலைக்கு அதைவிட விலையுயர்ந்த எதையும் கொடுக்க எனக்கு மனமில்லை.