மடிக்கணினியும் மடித்த பக்கமும்

என் மகள் உயர்நிலை 1-இல் சேர்ந்த 2021-இல்தான் சிங்கப்பூரில் உயர்நிலை மாணவர் எல்லாருக்கும் ஆளுக்கொரு கற்றல் சாதனம் வந்தது. 2028-க்குள் என்றுதான் முதலில் சொல்லியிருந்தார்கள். கொவிட் அதை இழுத்து முன்னால் போட்டது. மாணவர் கல்விக்காக அரசாங்கம் பணம் போடும் எடுசேவ் கணக்கில் பணம் இருந்ததால் மடிக்கணினி என் கையைக் கடிக்கவில்லை. படிக்கும் ஆர்வத்தை வளர்ப்பது திரையா, அச்சுநூலா? உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வும் முடிந்துவிட்ட தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

முதல் பள்ளித் தவணை முழுவதும் வீட்டில் திருவிழாதான். விடையைத் தட்டியதும் திரையில் பச்சை. "பத்துக்குப் பத்து, அம்மா!" நானும் மயங்கித்தான் போனேன். மூன்றாம் தவணையில் ஒருநாள் சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றேன். கேள்வியை அவள் படிக்கவே இல்லை. முதல் விடையைத் தட்டினாள், சிவப்பு. இரண்டாவது, சிவப்பு. மூன்றாவது, பச்சை. அடுத்த கேள்வி. "என்னடி இது?" என்றேன். "பச்சை வந்துவிட்டதே!" என்றாள்.

உயர்நிலை 3-இல் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் புத்தகக் கடையில் பழைய வேதியியல் பாடநூல் ஒன்று வாங்கினோம். யாரோ ஒரு மாணவர் ஓரமெல்லாம் பென்சிலில் பொடிப் பொடியாகக் குறிப்பு எழுதியிருந்தார். ஒன்பதாம் பாடத்தின் நடுவில் அந்தக் கையெழுத்து நின்றுபோயிருந்தது. அந்த இடத்தைத் தாண்டியே தீருவது என்று இவளுக்கு ஒரு வீம்பு. தாண்டிய இரவில் பக்க முனையை மடித்து, தன் பெயரைக் கிறுக்கிவிட்டுத்தான் தூங்கினாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தமிழில் மட்டும் கதை வேறு. வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்; எங்கள் வீட்டிலோ பாதிப் பேச்சு ஆங்கிலம். தன் குரலைத் தானே மடிக்கணினியில் பதிவு செய்து, ழகரம் சறுக்கிய இடத்தை மறுபடி பேசிப் பார்ப்பாள். அச்சுநூல் எப்படி அதைச் செய்யும்?

திரை வாசிப்பையும் காகித வாசிப்பையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளை 2018-இல் திரட்டிப் பார்த்தவர்கள், தகவல் சார்ந்த பகுதிகள் காகிதத்தில்தான் நன்றாகப் புரிகின்றன, கதைகளில் வேறுபாடு தெரியவில்லை என்று எழுதினார்கள். அது புரிதலைப் பற்றியது, ஆர்வத்தைப் பற்றியதன்று. ஆனாலும் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே நூலகச் செயலியில் நாவல் படிக்கும் இவள், வேதியியலுக்கு மட்டும் மேசையைத் தேடுவாள்.

இந்த ஆண்டு தம்பியின் முறை. பழகிப் பார்க்கட்டும் என்று மடிக்கணினியை உடனே தூக்கிக் கொடுத்துவிட்டாள். வேதியியல் நூலைக் கேட்டதற்கு, "உனக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது" என்று அலமாரியைச் சாத்திவிட்டாள்.