ஆஸ்பார்டேமா, ஸ்டீவியாவா, எரித்ரிட்டாலா?

2023 ஜூலை 14 அன்று, சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் செயற்கை இனிப்பூட்டியான ஆஸ்பார்டேம் பற்றி இரண்டு தீர்ப்புகள் ஒன்றாக வெளிவந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான கூட்டு நிபுணர் குழுவோ, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. தலைப்புச் செய்தியானது முதலாவதுதான். 'கெமிக்கல் வேண்டாம், இயற்கைக்கு மாறுங்கள்' என்பவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இந்த இரண்டு தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஒரு பொருளால் புற்றுநோய் வர வாய்ப்பு உண்டா என்பதை முகமை பார்க்கிறது. எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்பதை நிபுணர் குழு பார்க்கிறது. அந்தக் குழுவின் கணக்குப்படி, ஒரு டப்பாவில் 200 முதல் 300 மில்லிகிராம் ஆஸ்பார்டேம் உள்ள டயட் பானத்தை, 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரே நாளில் 9 முதல் 14 டப்பாக்களுக்கு மேல் குடித்தால்தான் வரம்பு தாண்டும். அதே 2பி பட்டியலில் சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் இருக்கிறது. இயற்கை அணியினர் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

செயற்கை ஒரு பக்கம், இயற்கை மறுபக்கம் என்று பிரிப்பதே உதவாத வேலை என்று நினைக்கிறேன். உடலுக்குள் போனதும் என்ன ஆகிறது, எவ்வளவு காலம் சோதித்திருக்கிறார்கள், யார் சாப்பிடப் போகிறார்கள்: இந்த மூன்றையும் கேட்டால் பட்டியலின் வரிசையே மாறிவிடும்.

ஆஸ்பார்டேமையும், ஒரு செடியின் இலையிலிருந்து எடுக்கும் இனிப்பான ஸ்டீவியாவையும் முதலில் எடுப்போம். இரண்டுமே சர்க்கரையைவிட ஏறக்குறைய 200 மடங்கு இனிப்பு. ஆஸ்பார்டேம் குடலிலேயே உடைந்து ஃபினைல்அலனின், அஸ்பார்டிக் அமிலம், கொஞ்சம் மெத்தனால் என்று பிரிகிறது. மெத்தனால் என்றதும் பதற வேண்டாம். ஒரு டம்ளர் தக்காளிச் சாற்றிலிருந்து கிடைக்கும் மெத்தனால், ஒரு டப்பா டயட் பானத்திலிருந்து கிடைப்பதைவிட அதிகம். உண்மையிலேயே கவலைப்பட வேண்டியவர்கள் ஃபினைல்கீட்டோனூரியா என்ற பரம்பரைக் குறைபாடு உள்ளவர்கள். அவர்களால் ஃபினைல்அலனினைச் சரியாகக் கையாள முடியாது, ஆகவே ஆஸ்பார்டேம் அவர்களுக்குக் கூடாது.

ஸ்டீவியா என்று சந்தைக்கு வருவது பெரும்பாலும் இலைப்பொடி அல்ல. இலையை வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டி, பிசின்களால் சுத்தம் செய்து, படிகமாக்கி எடுத்த ஸ்டீவியால் கிளைகோசைடு என்ற இனிப்புச் சேர்மம். அதன் சில வகைகளை இப்போது ஈஸ்டை வைத்துத் தொட்டியில் நொதிக்கவிட்டே தயாரிக்கிறார்கள். இது மேல்குடலில் உறிஞ்சப்படுவதில்லை; பெருங்குடல் பாக்டீரியாக்கள் இதை ஸ்டீவியாலாக உடைக்க, கல்லீரல் அதைப் பக்குவப்படுத்திச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஆய்வகத்தில் ஸ்டீவியால் சில சோதனைகளில் மரபணுவைப் பாதித்ததால் பல ஆண்டுகள் சந்தேகம் நீடித்தது. உயிருள்ள உடலில் அந்த விளைவு தெரியவில்லை என்று உறுதியான பிறகே, 2008இல் அமெரிக்காவும் 2011இல் ஐரோப்பிய ஒன்றியமும் சுத்திகரித்த வடிவத்துக்கு வழிவிட்டன.

அனுமதிக்கப்பட்ட அளவு இங்கே சுவாரசியமானது. ஸ்டீவியாவின் வரம்பு, ஸ்டீவியாலாகக் கணக்கிட்டால் கிலோவுக்கு 4 மில்லிகிராம். அதன் முக்கியக் கூறான ரெபாடியோசைடு ஏ என்று மாற்றினால் சுமார் 12. அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு ஏறத்தாழ 720 மில்லிகிராம். ஆஸ்பார்டேம் என்றால் 2,400. இலையிலிருந்து வந்ததற்குத்தான் வரம்பு இறுக்கம்! இதனால் ஸ்டீவியா ஆபத்தானது என்று ஆகிவிடாது. விலங்குச் சோதனையில் பாதிப்பே தெரியாத அளவை நூறால் வகுத்துத்தான் இதுபோன்ற வரம்புகளை வைக்கிறார்கள். ஆனால் 'இலை, அதனால் எவ்வளவு வேண்டுமானாலும்' என்ற வாதம் இத்தோடு முடிந்தது. சுவையில் ஆஸ்பார்டேம் முந்துகிறது. ஸ்டீவியா அதிகமானால் நாக்கின் ஓரத்தில் கசப்பு தங்கும்.

சமையலில் கதை வேறு. ஆஸ்பார்டேம் சூட்டில் சிதைந்து இனிப்பை இழந்துவிடும். இன்னொரு செயற்கை இனிப்பூட்டியான சுக்ரலோஸ் தாங்கும் என்றுதான் விற்கப்பட்டது. ஆனால் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதிலிருந்து குளோரின் கலந்த சேர்மங்கள் உருவாகலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல் எச்சரித்தது. இனிப்பூட்டிகள் குடல் பாக்டீரியாவை மாற்றுமா என்ற கேள்வியும் சுக்ரலோஸையும், சாக்கரின் என்ற பழைய செயற்கை இனிப்பூட்டியையும்தான் அதிகம் தொடுகிறது: 2022இல் வந்த ஒரு ஆய்வில், ஆரோக்கியமான 120 பேரில் இந்த இரண்டையும் எடுத்தவர்களின் இரத்தக் குளுக்கோஸ் ஏற்றம் கூடியது. காலம் குறுகியது, ஆளுக்கு ஆள் வேறுபாடும் இருந்தது. ஆனாலும் அடுப்பில் வைக்கும் பண்டத்துக்கு நான் ஸ்டீவியாவின் பக்கம்தான்.

சாக்கரினுக்கு இன்னொரு பழைய கறையும் உண்டு. எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்ததால் 1977இல் அமெரிக்காவில் அதைத் தடை செய்யப் பார்த்தார்கள். எச்சரிக்கை வாசகத்தோடு தப்பியது. எலியின் சிறுநீரில் படிகங்கள் உருவாகிப் பையை உறுத்தியதே காரணம், மனிதரில் அப்படி நடப்பதில்லை என்று தெரிந்து 2000இல் அந்த வாசகத்தை நீக்கினார்கள்.

மங்க் ஃப்ரூட் என்ற பழத்திலிருந்து எடுக்கும் இனிப்புச் சாறு சுவையில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதன் பாதுகாப்பை முடிவு செய்யத் தரவு போதவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் சொன்னது.

எனக்கு அதிகம் உறுத்துவது சர்க்கரை ஆல்கஹால் வகை இனிப்பூட்டியான எரித்ரிட்டால். சர்க்கரையில் 60-70 சதவீத இனிப்பு, கலோரி கிட்டத்தட்ட இல்லை, குளுக்கோஸ் ஏறாது. நொதித்தல் மூலம் கிடைப்பதால் 'இயற்கை' முத்திரையும் சுலபமாக ஒட்டிக்கொள்கிறது. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், இரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்திருந்தன. நம் உடலும் எரித்ரிட்டாலைத் தானே தயாரிக்கும்; ஆகவே அது நோயின் அடையாளமாக மட்டும் இருக்கலாம் என்று சிலர் மறுத்தது நியாயம்தான். ஆனால் 30 கிராம் கரைசலைக் குடித்த ஆரோக்கியமானவர்களின் இரத்தத்தில் அதன் அளவு ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறியது. இரத்தத்தை உறையவைக்கும் இரத்தத்தட்டுகள் சுலபமாக ஒன்றோடொன்று ஒட்டும் போக்கும் ஆய்வில் தென்பட்டது. அளவும் கவனிக்க வேண்டியது: ஆஸ்பார்டேம் மில்லிகிராம் கணக்கில் போகும், இது கிராம் கணக்கில். இதய நோய் உள்ளவர் இதைத் தவிர்ப்பதே நல்லது. சரி, நான் ஸ்டீவியாதானே வாங்குகிறேன் என்பவர்கள் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பார்க்கட்டும். பல 'ஸ்டீவியா', 'மங்க் ஃப்ரூட்' பொட்டலங்களில் உள்ள பொடியில் பெரும்பகுதி எரித்ரிட்டால்தான்.

தேன், பேரீச்சம்பழப் பாகு எல்லாம் இந்தப் போட்டிக்கே வராது. தேனில் சுமார் 80 சதவீதம் சர்க்கரைதான். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கொடுக்கவும் கூடாது.

உடல் எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொன்னபோது, ஸ்டீவியாவையும் அதில் சேர்த்தேதான் சொன்னது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. நாளுக்கு ஒன்றிரண்டு கோப்பை காபிக்கு இனிப்பு தேடும் நீரிழிவுக்காரருக்கு ஆஸ்பார்டேமும் சரி, எரித்ரிட்டால் கலக்காத ஸ்டீவியாவும் சரி, இரண்டுமே பரவாயில்லை. எடை குறைக்க நினைப்பவருக்கு இரண்டிலும் நீண்டகாலப் பலன் உறுதியில்லை. சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவது அவருக்கு மேல். அப்புறம், வீட்டில் நாய் இருந்தால் ஸைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த எதையும் அதற்கு எட்டும்படி வைக்காதீர்கள்: நமக்குப் பல்லுக்கு நல்லது என்று விற்கப்படும் அது, நாயின் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.