பீம் பெண்டு எடுக்க ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு

துவாக்குடி பக்கம் ஃபேப்ரிகேஷன் தொழிலில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஆள் கூப்பிடுங்கள். பிளேட் வெட்டி வெல்டிங் செய்த 8 மீட்டர் ஐ-பீம் (I வடிவ இரும்பு உத்தரம்) ஒன்று எங்கள் ஷெட்டில் பக்கவாட்டில் வளைந்துவிட்டது. நூல் பிடித்துப் பார்த்ததில் நடுவில் 14 மில்லிமீட்டர். வெல்டிங் சூட்டில் இது சகஜம். கேஸ் சூடு காட்டி ஒரே ராத்திரியில் நேராக்கித் தருவதாக ஒரு கோஷ்டி வந்தது. சூடு 650 டிகிரியைத் தாண்டக் கூடாது, செவந்திருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஆர்டரிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கி, பாதிப் பணமும் கொடுத்தோம்.

காலையில் பீம் நேராகத்தான் இருந்தது. ஆனால் ஃபிளேஞ்ச், அதாவது பீமின் மேல், கீழ்ப் பட்டை, முழுக்கச் சம்மட்டிப் பள்ளம், செதில் செதிலாக உரிந்த கறுப்பு, தரையெல்லாம் ஈரம். "ஆரஞ்சு கலர்ல ஜொலிச்சுது சார், அப்படியே பக்கெட் தண்ணிய ஊத்துனாங்க" என்றார் வாட்ச்மேன். ஆரஞ்சு என்றால் 900 டிகிரிக்கு மேல். டிபி டெஸ்ட் (சிவப்புச் சாயம் தடவி விரிசலைக் காட்டும் சோதனை) போட்டதும் வெல்டிங் ஓரத்தில் சிவப்புக் கோடுகளாக விரிசல் தெரிந்தது. கஸ்டமரின் இன்ஸ்பெக்டர் பீமைக் கழித்துவிட்டார். கோஷ்டியோ, "நேராக்கச் சொன்னீங்க, நேராக்கிட்டோம்" என்று மீதிப் பணம் கேட்கிறது. கிரேன் ஓட வேண்டிய பீம் அது! கீழே ஆட்கள் வேலை செய்வார்கள். அதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

இந்த வேலையில் வளைவை நிமிர்த்துவது சம்மட்டி அல்ல, இரும்பு ஆறும்போது சுருங்குகிற சுருக்கம். புடைத்த பக்கத்து விளிம்பில் அகலமாகவும் உள்ளே போகப் போகக் கூராகவும் ஆப்பு வடிவில் கோடு போட்டு, கூர்முனையில் தொடங்கி விளிம்பு வரை சூடேற்ற வேண்டும். சூடான இடம் விரியப் பார்க்கும். சுற்றியிருக்கும் குளிர்ந்த இரும்பு விடாது. அதனால் அந்த இடம் தடித்து, ஆறும்போது முன்பைவிடக் குறுகி, பீமை இழுத்து நிமிர்த்தும். முழுசாக ஆறிய பிறகுதான் நூல் பிடித்து, பக்கத்தில் வேறு இடத்தில் அடுத்த ஆப்பு. ஒரே ராத்திரியில் முடிப்பேன் என்பவர் இந்தப் பொறுமைக்கு ஆள் இல்லை.

வருகிறவரிடம் டெம்பரேச்சர் சாக்பீஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். குறித்த சூட்டில் உருகும் அந்தச் சாக்பீஸ் பெரிய விலையில்லை. "கண்ணாலேயே சொல்லிடுவேன்" என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே இப்படி நிமிர்த்திய பீம் உங்கள் ஷெட்டில் இருந்தால், பெயின்ட் அடிப்பதற்கு முன்பே வெல்டிங் ஓரங்களுக்கு டிபி டெஸ்ட் போட்டுப் பாருங்கள்.