ஒரு பகுதி பாதுகாப்பானதா என்று யாரைக் கேட்பது?

வீடு மாறப் போகிற எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அந்த ஏரியா எப்படி, பயமில்லாமல் இருக்கலாமா?" கேள்வி ஒன்றுதான், பதில் சொல்ல வருவோர் பலர். காவல்துறையின் குற்றக் கணக்கு ஒன்று சொல்லும். வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் ஆய்வு வேறொன்று சொல்லும். அக்கம்பக்கத்துப் பேச்சு மூன்றாவதாக ஒரு கதை சொல்லும். செல்பேசிச் செயலி வரைபடத்தில் சிவப்புப் பூசிக் காட்டும். இருட்டிய பிறகு அந்தத் தெருவில் நாமே நடந்தால் நம் உடம்பும் ஒரு பதில் சொல்லும். எதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்று தெரியாமல், முதலில் காதில் விழுந்ததையே தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறோம். அதனால் நஷ்டம் வீடு தேடுகிறவருக்கு மட்டுமல்ல. "மோசமான இடம்" என்று பெயர் வாங்கிவிட்ட பகுதியில் தலைமுறையாக வாழ்கிறவர்களுக்கு அந்தப் பெயரால் வேலை தட்டிப்போகிறது, வரன் தட்டிப்போகிறது, இருக்கிற வீட்டின் மதிப்பும் இறங்குகிறது. ஆகவே இந்த ஐந்து சாட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி விசாரிப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

காவல்துறைக் கணக்கு

எண்ணாக வருவதால் இதற்குக் கிடைக்கும் மரியாதை அதிகம். ஆனால் அதில் இருப்பது நடந்த குற்றமல்ல, பதிவான குற்றம். நடந்தது பதிவாக வேண்டுமானால் இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்க வேண்டும், கொடுத்த புகாரை நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது வாசல் எவ்வளவு குறுகலானது என்பதற்கு இங்கிலாந்து, வேல்ஸில் 2014-ல் வெளியான காவல்துறைக் கண்காணிப்பு அமைப்பின் அறிக்கையே சாட்சி. காவல்துறைக்குத் தெரிவிக்கப்பட்ட குற்றங்களில் ஏறத்தாழ 19 சதவீதம் பதிவேட்டில் ஏறவே இல்லை என்று அது சொன்னது. பாலியல் குற்றங்களில் அந்த விகிதம் 26, வன்முறைக் குற்றங்களில் 33. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் அந்நாட்டுக் காவல்துறைக் குற்றக் கணக்கு, தரமான தேசியப் புள்ளிவிவரம் என்ற தகுதியை இழந்தது.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் புரிகிறது. ஒரு பகுதியில் எண் கூடியிருந்தால் அங்கே குற்றம் கூடியிருக்கலாம். அங்குள்ள மக்கள் காவல் நிலையத்தை நம்பிப் படியேறுகிறார்கள் என்பதாகவும் இருக்கலாம். எண் குறைந்த பகுதியில் புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று மக்கள் கைகழுவியிருக்கலாம்.

இருந்தாலும் கணக்கை அப்படியே தூக்கி எறிய வேண்டியதில்லை. எல்லாக் குற்றமும் ஒரே அளவுக்கு மறைவதில்லை. கொலையை மறைப்பது கடினம். வண்டி திருட்டுப் போனால் காப்பீட்டுப் பணத்துக்காகவாவது புகார் கொடுப்பார்கள். இரண்டு பகுதிகளை ஒப்பிட நினைப்பவர் மொத்த எண்ணை விட்டுவிட்டு இந்த மாதிரி எண்களைப் பார்த்தால் ஓரளவு உண்மைக்கு அருகில் போகலாம். கூடவே "லட்சம் பேருக்கு இத்தனை" என்று போட்டிருக்கும் விகிதத்தில், அந்த லட்சம் பேர் யார் என்றும் கேட்க வேண்டும். ரயில் நிலையமும் கடைவீதியும் உள்ள பகுதியில் குடியிருப்பவர்கள் சில ஆயிரம் பேராக இருப்பார்கள், பகலில் வந்துபோகிறவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். வந்துபோகிறவர்களின் பறிகொடுத்த பர்ஸ்களை எல்லாம் குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால், அமைதியான பகுதிகூடப் பயங்கரமாகத்தான் தெரியும்.

வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டும் கணக்குகளுக்கும் எச்சரிக்கை தேவை. பிரிட்டனில் 2011-ல் தெரு வாரியான குற்ற வரைபடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியே தெரியாமலிருக்க, குற்றம் நடந்த இடத்தைக் காட்டாமல் அருகிலுள்ள ஒரு பொதுப் புள்ளிக்கு நகர்த்திவிடுவார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் "நம் வாசலிலேயே இத்தனை நடந்திருக்கிறதா" என்று பதறுகிறவர், அந்தப் புள்ளி அக்கம்பக்கத்துத் தெருக்களுக்கும் பொதுவானது என்பதை அறிந்திருக்க வேண்டும்.

வீடு வீடாகக் கேட்கும் ஆய்வு

அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்திலிருந்தும், இங்கிலாந்து, வேல்ஸில் 1982 முதலும் இது நடக்கிறது. புகார் கொடுத்தீர்களா இல்லையா என்பதைப் பின்னால் வைத்துவிட்டு, உங்களுக்கு என்ன நடந்தது என்று முதலில் கேட்பார்கள். அமெரிக்க ஆய்வில் பல ஆண்டுகளாகத் தெரியவரும் உண்மை, வன்முறைச் சம்பவங்களில் பாதிக்கும் குறைவானவையே காவல்துறையின் காதுக்குப் போகின்றன என்பதுதான்.

ஐந்து சாட்சிகளில் நேர்மையானது இதுதான் என்பேன். வீடு தேடுகிறவருக்கு உதவாததும் இதுதான். நாடு முழுதுக்கும் மாதிரி எடுத்துச் செய்வதால் நாட்டின் போக்கைச் சொல்லும், உங்கள் தெருவைப் பற்றி வாய் திறக்காது.

ஊர்ப்பேச்சு

ஊர்ப்பேச்சு ஒரு பக்கம் கெட்டிக்காரச் சாட்சி, மறுபக்கம் மிக அநியாயமான சாட்சி. எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அது இரண்டில் ஒன்றாகிறது.

அமெரிக்காவில் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் நெடுங்காலமாக ஒரு கேள்வியைக் கேட்டுவருகிறது: சென்ற ஆண்டைவிட நாட்டில் குற்றம் கூடியிருக்கிறதா? 1993-க்குப் பிறகு அந்நாட்டில் வன்முறைக் குற்றம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆனாலும் பெரும்பாலான ஆண்டுகளில் பெரும்பாலானவர்கள் "கூடியிருக்கிறது" என்றே சொன்னார்கள். அதே மக்களிடம் உங்கள் பகுதியில் எப்படி என்று கேட்டால், கூடியிருக்கிறது என்பவர்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்துவிடுகிறது. நாட்டைப் பற்றிய கருத்து செய்தியிலிருந்து வருகிறது, தெருவைப் பற்றிய கருத்து கண்ணிலிருந்து வருகிறது. எனவே ஒருவர் தன் தெருவைப் பற்றிச் சொல்வதை நம்பலாம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களைப் பற்றி அவர் சொல்வதை நம்ப வேண்டாம்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், சிகாகோவில் ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ராடன்புஷ் என்ற இரண்டு சமூக ஆய்வாளர்கள் செய்த ஆய்வு அப்படி. வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு தெருக்களை இருபுறமும் படம்பிடித்து, குப்பை, சுவர்க் கிறுக்கல், பாழடைந்த கட்டடம் எல்லாவற்றையும் எண்ணினார்கள். பிறகு அந்தந்தப் பகுதி மக்களிடம் இங்கே எவ்வளவு சீர்கேடு இருக்கிறது என்று கேட்டார்கள். 2004-ல் வெளியான முடிவு மனதை உறுத்துகிறது. கேமராவில் பதிந்த சீர்கேடு ஒரே அளவாக இருந்தாலும், கறுப்பின மக்களும் ஏழைகளும் அதிகம் வாழும் பகுதியில் மக்கள் கண்ணுக்குச் சீர்கேடு கூடுதலாகத் தெரிந்தது. வெள்ளையருக்கு மட்டுமல்ல, கறுப்பினத்தவருக்கும் அப்படியே தெரிந்தது. யார் வாழ்கிறார்கள் என்பதை வைத்து எப்படிப்பட்ட இடம் என்று முடிவுகட்டும் பழக்கம், அந்த இடத்தில் வாழ்கிறவர் மனதிலும் ஏறிவிட்டிருக்கிறது. "அந்தப் பக்கம் போகாதீர்கள், ஆட்கள் சரியில்லை" என்ற வாக்கியம் எந்த ஊரில், எந்த மொழியில் காதில் விழுந்தாலும், பேசப்படுவது குற்றமா, அங்கே வாழ்கிறவர்களின் வருமானமா, பிறப்பா என்று ஒரு நிமிடம் நின்று கேட்டாக வேண்டும்.

கேள்வியை மாற்றினால் இதே ஊர்ப்பேச்சு பொன்னான சாட்சியாகிவிடும். "பாதுகாப்பான இடமா?" என்று கேட்டால் கேட்டவரைத் திருப்திப்படுத்த ஒரு பதில் வரும். "இரவு பத்து மணிக்கு உங்கள் மகள் பஸ்ஸை விட்டு இறங்கினால் தனியாக நடந்து வரச் சொல்வீர்களா, நீங்கள் போய் அழைத்து வருவீர்களா?" என்று கேளுங்கள். "வண்டியை வாசலில் விடுகிறீர்களா, உள்ளே ஏற்றிப் பூட்டுகிறீர்களா?" என்று கேளுங்கள். அவர் என்ன நினைக்கிறார் என்பதைவிட என்ன செய்கிறார் என்பது வெளியே வரும். ஆணிடம் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரே வீட்டில் கணவர் பத்து ஆண்டுகளில் ஒரு தொல்லையும் இல்லை என்பார், மனைவி எந்த முனையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று மணியோடு சொல்வார்.

செயலிகளும் இணைய மதிப்பெண்களும்

இவற்றில் இரண்டு இனம் உண்டு. ஒன்று உங்கள் மனநிலையைக் கேட்டு மதிப்பெண் போடுவது. நகரங்களை வரிசைப்படுத்தும் நம்பியோ என்ற இணையதளத்தின் குற்றக் குறியீடு இந்த இனம். தளத்துக்கு வருகிறவர்கள் நிரப்பும் பதில்களே அதன் அடிப்படை. அதைக் காவல்துறைக் கணக்கு என்று எண்ணிக்கொண்டு மேற்கோள் காட்டுகிறவர்கள் எத்தனையோ பேர். 2014-ல் அமெரிக்காவில் வந்த ஸ்கெட்ச்ஃபேக்டர் என்ற செயலி இன்னும் ஒரு படி மேலே போய், எந்தத் தெரு "சரியில்லை" என்று தோன்றுகிறதோ அதைக் குறித்துவைக்கச் சொன்னது. இனவெறுப்புக்கு வரைபடம் போடுகிறது என்ற கண்டனம் வெளியான உடனேயே எழுந்தது. எழுந்ததில் நியாயம் இருக்கிறது. ஊர்ப்பேச்சுக்கு இருக்கும் குறை அத்தனையும் இதற்கு உண்டு, பேசுகிறவரின் முகம் பார்த்து எடைபோடும் வாய்ப்பு மட்டும் இல்லை.

மற்ற இனம் கண்ணுக்குத் தெரிவதைக் கேட்பது. 2013-ல் இந்தியாவில் தொடங்கிய சேஃப்டிபின் என்ற செயலி இதற்கு நல்ல உதாரணம். வெளிச்சம், திறந்தவெளி, வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் தெருவைப் பார்க்கும் கண்கள், ஆள் நடமாட்டம், காவல், நடைபாதை, பொதுப் போக்குவரத்து, பெண்களின் நடமாட்டம், கடைசியாக மன உணர்வு என்று ஒன்பது அம்சங்களைத் தனித்தனியாகக் குறிக்கச் சொல்கிறது. இதனால் "மோசம்" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக "இந்த இடத்தில் நடைபாதை இல்லை, விளக்கு எரியவில்லை" என்று சரிசெய்யக்கூடிய குறை கையில் கிடைக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

சொந்தக் கால்

நேரில் போய் நடந்து பார்ப்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை நடக்க வேண்டும் என்பது சரி. ஆனால் நடக்கும்போது தோன்றும் உணர்வும் குற்றமும் ஒன்றல்ல. அமெரிக்காவின் நியூவார்க்கில் 1970-களின் இறுதியில் காவலர்களை நடந்து ரோந்து போகச் சொல்லிச் சோதித்தார்கள். குற்றம் குறையவில்லை, மக்களின் அச்சம் குறைந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு கான்சஸ் நகரில் சில பகுதிகளில் ரோந்து கார்களை இரண்டு மூன்று மடங்காக்கினார்கள், சில பகுதிகளில் வழக்கமான ரோந்தையே நிறுத்தினார்கள். குற்றமும் மாறவில்லை, அச்சமும் மாறவில்லை.

எனவே அச்சம் வெறும் மனப்பிரமை என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஏழு மணிக்குப் பிறகு பெண்கள் யாரும் வெளியே வராத தெருவில் வழிப்பறியே பதிவாகாது, ஏனென்றால் பறிகொடுக்க அங்கே யாரும் நடப்பதில்லை. கணக்கில் அது பாதுகாப்பான தெரு. அங்கே வாழ்கிற பெண்ணுக்கு மாலை வகுப்பு இல்லை, இரவுப்பணி வேலை இல்லை. இந்த இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. கணக்கையும் நேரில் நடந்து பார்த்ததையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் புலப்படும்.

நடக்கும்போது குப்பையையும் சுவர்க் கிறுக்கலையும் பார்த்துப் பயப்படுவதைவிட வேறு சிலவற்றைக் கவனிக்கலாம். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசல் வரை விளக்குக் கம்பங்கள் எங்கே இருக்கின்றன, மரக்கிளை எந்த விளக்கை மறைக்கிறது என்று பாருங்கள். வெளிச்சம் வண்டி போகும் சாலையின் நடுவில் விழுகிறதா, நடக்கிறவர் முகத்தில் விழுகிறதா? எதிரே வருகிறவரின் முகம் பத்தடி தள்ளித் தெரிகிறதா? வழியில் ஜன்னலோ கடையோ இல்லாத நீண்ட மதில் இருக்கிறதா? அந்த மதில் ஓரம்தான் உதவிக்குக் கூப்பிட்டால் யார் காதிலும் விழாத இடம். ஒரு பெரிய காம்பவுண்டு குடியிருப்பு உள்ளே இருப்பவர்களுக்குத் தரும் நிம்மதியை, வெளியே அதன் மதிலை ஒட்டி நடக்கிறவரிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

விளக்கு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. நியூயார்க்கில் 2016-ல் அரசுக் குடியிருப்புகள் சிலவற்றில் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோலத் தேர்ந்தெடுத்து அதிக வெளிச்சம் தரும் விளக்குக் கோபுரங்களை வைத்தபோது, இரவில் வெளிப்புறத்தில் நடக்கும் கடுங்குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. மறுபுறம், இங்கிலாந்து, வேல்ஸில் தெருவிளக்குகளை அணைத்தும் மங்கவைத்தும் பார்த்த உள்ளாட்சிகளில் குற்றம் கூடியதற்குச் சான்று இல்லை என்று 2015-ல் ஓர் ஆய்வு சொன்னது. இடத்தைப் பொறுத்தது.

ஐந்தையும் விசாரித்த பிறகு

இந்தச் சாட்சிகள் பெரும்பாலும் செய்யும் ஒரு தவறு, "பகுதி" என்ற அளவில் பேசுவது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை ஆராய்ந்து 1989-ல் வெளியான ஆய்வின்படி, நகரின் முகவரிகளில் ஏறத்தாழ 3 சதவீதத்திலிருந்தே பாதி அழைப்புகள் வந்திருந்தன. பிறகு வேறு நகரங்களிலும் இதே போக்கைக் கண்டார்கள். மோசமான பெயர் எடுத்த பகுதியிலும் பெரும்பாலான தெருக்கள் அமைதியானவை. நல்ல பெயர் எடுத்த பகுதியிலும் ஒரு முனை, ஒரு சந்து, ஒரு மதுக்கடை வாசல் எல்லாத் தொல்லையையும் தாங்கி நிற்கும். இதோடு, வீட்டுக்குள் நடப்பதை எந்தப் பகுதிப் பெயரும் காட்டாது. 2023-ல் உலகில் கொல்லப்பட்ட பெண்கள், சிறுமிகள் ஏறத்தாழ 85,000 பேரில் 60 சதவீதம் பேரைக் கொன்றவர்கள் அவர்களின் துணையோ குடும்பத்தாரோ என்று ஐ.நா. கணக்கிட்டது.

ஆகவே என் வரிசை இது. இரவில் வீடு திரும்ப வேண்டியவர், குறிப்பாகப் பெண்கள், தான் நடக்கப்போகும் அந்த ஒரு வழியைத் தானே நடந்து பார்ப்பதற்கும், அதே வழியில் தினமும் நடக்கும் இன்னொரு பெண்ணின் சொல்லுக்கும் முதலிடம் கொடுக்கட்டும். வண்டிக்கும் பொருளுக்கும் கவலைப்படுகிறவர் காவல்துறைக் கணக்கில் திருட்டு எண்களை, ஒரே ஆண்டை அல்ல, சில ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கட்டும். செயலியில் அம்சங்களைப் பிரித்துக் காட்டுவது இருந்தால் பயன்படுத்தலாம், மொத்த மதிப்பெண்ணை விட்டுவிடலாம். ஒரு தெருவைப் பற்றிக் கணக்கும் அங்கே வாழ்கிறவர்களும் நல்லபடியாகச் சொல்லி, தொலைவில் இருக்கிறவர்கள் மட்டும் பயமுறுத்தினால், அந்த வீட்டுக்கு முன்பணம் கொடுங்கள்.